நான்கு போல்ட்டுகளில் முடியாத வேலை

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இன்ஜினை கியர் பாக்ஸோடு பிடித்து நிறுத்துபவை நான்கு போல்ட்டுகள், அவ்வளவுதான். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் டியூப், சில வயர்கள், ஹீட்டர் குழாய்கள் ஆகியவற்றைக் கழற்றி, அடியில் ஜாக்கியைக் கொடுத்து அந்த நான்கையும் விடுவித்தால் இன்ஜின் பின்பக்கமாக நழுவித் தரைக்கு வந்துவிடும். கை பழகிய மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். பின்பக்க இன்ஜின் கொண்ட பழைய கார்களுக்குப் புது இன்ஜின் பொருத்தும் ஆசை இவ்வளவு பரவியதற்கு இந்தச் சுலபமும் ஒரு காரணம். கழற்றுவது இத்தனை எளிது என்றால் வேறொன்றை மாட்டுவதும் எளிதாகத்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

மாட்டுவதற்கு முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானின் சுபாரு. அதுவும் பாக்ஸர் வகை இன்ஜின்தான். நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். நீளம் குறைவு, உயரம் குறைவு. பீட்டில் கியர் பாக்ஸ் எதிர்பார்க்கும் திசையிலேயே சுழலவும் செய்கிறது. இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டையும் அதற்கேற்ற ஃப்ளைவீலையும் கலிஃபோர்னியாவின் கென்னடி எஞ்சினியர்டு புராடக்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆயத்தமாகவே விற்கின்றன. 1,600 சிசி பீட்டில் இன்ஜினின் சக்தி 50 குதிரைத்திறன். 1990 வாக்கில் லெகசி காரில் வந்த சுபாருவின் 2.2 லிட்டர் ஈஜே22 தருவதோ 130. இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் பாதிப் பேர் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் இது பாவம் என்று கையை உதறுகிறார்கள்.

இரு தரப்பும் இன்ஜினைத் தனிப்பொருளாகப் பார்ப்பதுதான் என் வருத்தம். முன்பக்க இன்ஜின் காரில் ஓரளவுக்கு அப்படிப் பார்க்கலாம். பின்பக்க இன்ஜின் காரில் முடியாது. அங்கே இன்ஜின் ஆக்ஸிலுக்கு வெளியே தொங்குகிற ஒரு பாரம். காரின் மொத்த நடையும் அந்தப் பாரத்தை வைத்து அமைக்கப்பட்டது. ரேடியேட்டர் இல்லாத மூக்கு, சாமான் வைக்கும் முன் டிக்கி, ஹீட்டர் காற்று வரும் வழி, கியர் பாக்ஸின் பற்கள், டயரில் அடிக்கும் காற்று எல்லாமே பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றைக் கேட்டு அமைந்தவை. ஆகவே எத்தனை குதிரை கூடியது என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். அந்தக் குதிரைகளுக்காக வண்டியில் எத்தனை இடத்தில் கத்தி வைத்தோம், அவற்றில் எதையெல்லாம் திரும்பத் தைக்க முடியும் என்பதே என் முதல் கேள்வி. இந்தக் கட்டுரையில் அளவுகோல் அதுதான்.

மாற்ற வேண்டும் என்பவர்களின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய இன்ஜினின் குறைகளை மூடி மறைப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழுவில் இருந்த ஃபிரான்ஸ் சேவியர் ரைம்ஷ்பீஸ் வடிவமைத்த அந்த பாக்ஸர், 985 சிசியில் தொடங்கி 1,600 வரை வளர்ந்தது. தண்ணீர் கிடையாது, ஒரு ஃபேன் காற்றை உறிஞ்சி சிலிண்டர்களின் இறக்கைகள் மேல் தள்ளும். ஆயில் கூலரையும் அதே காற்றுப்பாதைக்குள் வைத்திருந்தார்கள். அதனால் அதற்குக் கீழே இருந்த மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று குறைந்தது, கிடைத்ததும் சூடாகக் கிடைத்தது. எக்ஸாஸ்ட் வால்வு வெந்து முறிந்தால் பழைய ஆட்கள் முதலில் பார்ப்பது மூன்றாவதைத்தான். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பற்றவைப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும்படி டிஸ்ட்ரிபியூட்டரிலேயே ஏற்பாடு செய்தது கம்பெனி. 1971 மாடலில்தான் ஆயில் கூலரைப் பாதையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள்.

கார்புரேட்டரின் புகை இன்னொன்று. எரியாத பெட்ரோல் ஆவி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமல் அப்படியே வெளியேறுகிறது. மூன்றாவது, சாலை. 1954-இல் 30 குதிரைத்திறனோடு வந்த கார், பின்னால் லாரி முட்டிக்கொண்டு வரும் இன்றைய அதிவேகச் சாலையில் ஓட்டுபவருக்கு அச்சத்தைத் தருகிறது. அச்சத்தோடு ஓட்டப்படும் கார் நாளடைவில் ஓட்டப்படாமலே போகும். கொட்டகையில் துருப்பிடிக்கும் அசல் காரைவிட வேறொரு இன்ஜினோடு ஊர் சுற்றும் கார் மேல் என்று ஒருவர் சொன்னால் என்னால் எளிதில் மறுக்க முடியாது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் எடைக்கு வருகிறேன்.

பீட்டிலின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின் சக்கரங்களில் இருக்கிறது. 1960களின் இறுதிவரை வந்த பெரும்பாலான பீட்டில்களுக்கும், மெக்ஸிகோவில் 2003 வரை வந்தவற்றுக்கும், பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்ஸில். கியர் பாக்ஸின் இருபுறமும் ஆக்ஸில் குழாய்கள் கீல் போட்ட மாதிரி மேலும் கீழும் அசையும், சக்கரமும் குழாயோடு சேர்ந்து சாயும். வளைவில் வேகமாகப் போகையில் வண்டியின் பின்பகுதி மேலே எழும்பினால் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். மடங்கிய சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். அந்த நொடியில் ஓட்டுபவர் பயந்து காலை எடுத்தால் வால் முன்னே வந்துவிடும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. பீட்டிலின் இரு ஆக்ஸில்களுக்கும் இடைவெளி 2.4 மீட்டர். புது இன்ஜினும் அதன் துணைக்கருவிகளும் சேர்ந்து பின்னால் 40 கிலோவைக் கூட்டுகின்றன என்றும், அந்தக் கூடுதல் எடை பின் ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் பின்னால் அமைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்றப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புவது போலத்தான் இதுவும். பின் சக்கரங்களில் ஏறுவது 48 கிலோ. அதிகப்படியான அந்த 8 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிந்தது. ஸ்டியரிங் பிடித்து வண்டியைத் திருப்ப வேண்டியவை அந்த முன் சக்கரங்கள்தான். ஏற்கெனவே லேசான மூக்கு இன்னும் லேசாகிறது, கூடவே வேகம் கூடுகிறது. எண்ணில் இது சிறிதாகத் தெரியலாம். ஆனால் பின்பக்க இன்ஜின் காரில் சிறிய எண்கள்தான் பேசுகின்றன. பின்பக்க இன்ஜின் கொண்ட செவர்லே கார்வேர் 1960 மாடலாக வந்தபோது முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று என்று கம்பெனி நிர்ணயித்தது. அந்த வித்தியாசமே வண்டியை நேராக வைத்திருந்தது. பெட்ரோல் பங்கில் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும்.

அடுத்தது தண்ணீர். சுபாரு நீரால் குளிரும் இன்ஜின், ஆகவே ரேடியேட்டர் வேண்டும். பீட்டிலில் அதற்கு இடமே விடப்படவில்லை. இன்ஜின் மூடியை ஒட்டி வைத்தால், வண்டி ஓடும்போது அங்கே காற்றழுத்தம் சீராக இல்லை, போதாததற்கு இன்ஜினே வெப்பத்தைக் கக்குகிறது. முழுக்க முழுக்க மின்விசிறியை நம்ப வேண்டும். வண்டியின் வயிற்றடியில் வைத்தால் கல்லும் சேறும் அடிக்கும். சரியான இடம் மூக்குதான். அங்கே வைக்க முன் தகட்டை வெட்ட வேண்டும், ஸ்டெப்னி இருக்கும் குழியைக் காலி செய்ய வேண்டும், அங்கிருந்து பின்பக்கம் வரை போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு குழாய்களை அடித்தளத்தின் கீழே இழுக்க வேண்டும். பழைய ஹீட்டர் எக்ஸாஸ்ட் குழாயின் சூட்டை வாங்கிக் காரின் கதவடிச் சட்டங்கள் வழியாக உள்ளே அனுப்பியது. அந்த எக்ஸாஸ்ட் போனதும் ஹீட்டரும் போகும், குளிர் நாடுகளில் வேறு ஹீட்டர் வைக்க வேண்டும். நான் சொன்ன கத்தி இங்கேதான் ஆழமாக இறங்குகிறது. நான்கு போல்ட்டுகளை மறுபடி பூட்டிவிடலாம். வெட்டிய மூக்கை அப்படியே பழையபடி ஆக்க முடியாது.

இந்த விவாதத்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பகுதி கியர் பாக்ஸ். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். 1,600 சிசி பீட்டில் இன்ஜினின் முறுக்குவிசை ஏறக்குறைய 106 நியூட்டன்-மீட்டர். ஈஜே22 தருவது 185 வாக்கில். பழைய நான்கு கியர் பெட்டி முதல் அளவை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டது. நிதானமாக ஓட்டுபவரிடம் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும், சிக்னலில் சீறிப் பாய்பவரிடம் மூன்றாம் கியரோ கிரவுன் பினியனோ பல்லை உதிர்க்கும். சரி, சுபாருவின் ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே மாட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் அழகான ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

சுபாருவில் இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கு முன்னால், கியர் பாக்ஸ் அதற்குப் பின்னால். பீட்டிலில் இன்ஜின் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், கியர் பாக்ஸ் அதற்கு முன்னால். ஆகவே சுபாருவின் இன்ஜினையும் பெட்டியையும் ஒரே கட்டாக எடுத்துப் பீட்டிலில் வைத்தால் மொத்தமும் பின்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கும். முன்னே போக வேண்டிய சக்கரங்கள் பின்னே சுழலும். ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரு முன்கியரும் கொண்ட கார் கிடைக்கும். பீட்டில் பெட்டியில் இப்படி ஒரு நிலை வந்தால் கிரவுன் வீலைக் கழற்றி மறுபக்கத்தில் மாட்டிச் சரி செய்துவிடலாம், ஏனென்றால் பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையத்தை நோக்கியே வருகிறது. பந்தய பக்கிகளில் இன்ஜினை ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுவருபவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான். சுபாருவுடையது ஹைபாய்டு வகை. பினியன் மையத்தைவிட்டு விலகி உட்காருகிறது, பற்களும் அந்த விலகலுக்கு ஏற்பச் சாய்த்து வெட்டப்பட்டவை. மறுபக்கம் மாற்றினால் பல்லோடு பல் சேராது. எதிர்க்கையாக வெட்டிய புது கிரவுன் பினியன் வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதையும் செய்து விற்கிறார்கள். அருமையான வேலைதான், ஆனால் அதை வாங்கிப் பொருத்தி, நான்கு சக்கர இயக்கத்துக்கான பின் வெளியீட்டை அடைத்து, புது டிரைவ் ஷாஃப்ட் செய்து முடிக்கும்போது செலவு இன்ஜினைத் தாண்டியிருக்கும்.

கியர் விஷயத்தில் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் பீட்டில் ஓட்டுபவர் இன்ஜின் திணறுகிறது என்று சொல்லும்போது பல சமயம் திணறுவது இன்ஜின் அல்ல. கியர் குட்டையாக இருக்கிறது. 1,200 சிசி பீட்டிலின் கிரவுன் பினியன் விகிதம் 4.375. கம்பெனியே பிற்கால 1,600 சிசி வண்டிகளில் 3.875 வைத்தது. அந்த ஒரு மாற்றத்தால் மணிக்கு 100 கிலோமீட்டரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,300 சுற்றிலிருந்து 2,900-க்கு இறங்கும். இரைச்சல் குறையும், வெப்பம் குறையும், மூன்றாவது சிலிண்டர் மூச்சு விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு தகடும் வெட்டுப்படவில்லை. நல்ல நிலையிலுள்ள 1,600 சிசி இன்ஜினும் இந்தப் பெட்டியும் சேர்ந்தால், மாற்றக் கோரியவர்களின் புகார்களில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கியர் பாக்ஸைப் பற்றிப் பெருமை பேச முடியாது. இன்ஜின் மூடியைத் திறந்து காட்டினால்தானே நாலு பேர் கூடுவார்கள்!

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 110 கிலோமீட்டரில் நிற்கப் பழகிய வண்டி 140-இல் நிற்க வேண்டுமென்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 62 விழுக்காடு கூடும். நான்கு சக்கரத்திலும் டிரம் வைத்த வண்டியில் 130 குதிரையைக் கட்டுபவர், முன்சக்கர டிஸ்க் பிரேக்கை முதலில் வாங்கிவிட்டுத்தான் இன்ஜின் பேரத்துக்குப் போக வேண்டும்.

இதுவரை படித்தவர் நான் சுபாரு மாற்றத்துக்கே எதிரி என்று நினைக்கலாம். அப்படியில்லை. அதே மாற்றம் அதே கம்பெனியின் இன்னொரு வண்டியில் மனதார வரவேற்கத் தக்கது. 1979-இல் வந்த மூன்றாம் தலைமுறை வேன், டி3. அமெரிக்காவில் அதற்கு வனாகன் என்று பெயர். 1982 இறுதியில் அதற்கு நீரால் குளிரும் பாக்ஸர் இன்ஜினைக் கம்பெனியே வைத்தது. அந்த இன்ஜினின் பலவீனம் எல்லோரும் அறிந்தது. சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் தோற்கும், உலோகம் அரித்துக் கசிவு தொடங்கும். சரி செய்தாலும் சில ஆண்டுகளில் மறுபடி வரும். ஒன்றரை டன் வேனை, படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் என்றால் இன்னும் அதிக எடையை, 2.1 லிட்டரில் 95 குதிரை இழுத்தது.

இந்த வேனில் சுபாரு கேட்பது என்ன? ரேடியேட்டர் ஏற்கெனவே மூக்கில் இருக்கிறது. நீளக் குழாய்கள் ஏற்கெனவே அடியில் ஓடுகின்றன. ஹீட்டர் ஏற்கெனவே தண்ணீரில் வேலை செய்கிறது. பின்னால் ஸ்விங் ஆக்ஸில் இல்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியே கொடுத்தது. ஆயில் சம்ப்பைக் குட்டையாக்க வேண்டும், வயரிங்கைப் பொறுமையாக இழைபிரித்துச் சேர்க்க வேண்டும், கூலண்ட் குழாய்களின் வழியைச் சற்று மாற்ற வேண்டும். உடம்பில் பெரிய வெட்டு ஏதும் இல்லை. குணமாகாத நோயுள்ள உறுப்புக்குப் பதில் ஆரோக்கியமான உறுப்பு. மற்ற உறுப்புகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. என் அளவுகோலில் இது முழுத் தேர்ச்சி. பீட்டிலுக்கு ஒரே மூச்சில் பரிந்துரைக்கப்படும் அதே இன்ஜின் வேனில் மருந்தாகவும் காரில் அறுவையாகவும் இருப்பதை எல்லோரும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனிகளே செய்த மாற்றங்கள் இந்த வழக்கில் நல்ல சாட்சிகள். பிரேசிலில் சாவோ பெர்னார்டோ டோ காம்போ ஆலையில் 1957 முதல் கோம்பி வேன் தயாரானது. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் 2005 இறுதியில் காற்றுக்குளிர் இன்ஜினைக் கைவிட்டு, நீரால் குளிரும் 1.4 லிட்டர் இன்லைன் இன்ஜினை வைத்தார்கள். பெட்ரோலில் 78, எத்தனாலில் 80 குதிரைத்திறன். அதற்காக அந்த வட்ட முகத்தில் ஒரு கறுப்பு ரேடியேட்டர் கிரில் முளைத்தது. பார்க்க அழகாக இல்லை என்று சொன்னவர்கள் பலர். எனக்கு அந்த கிரில் மேல் ஒரு மரியாதை உண்டு. காற்று வேண்டிய இடத்தில் வாயைத் திறந்து வைத்தார்கள், ஒளிக்கவில்லை. அந்த இன்ஜின் 2013 இறுதிவரை, வண்டியே நிற்கும்வரை, உழைத்தது. தென்னாப்பிரிக்காவில் டி3 வேனுக்கு ஆடியின் ஐந்து சிலிண்டர் இன்ஜினை வைத்து 2002 வரை விற்றார்கள். வேனுக்குள் நவீன இன்ஜின் என்பதைத் தாய்க் கம்பெனியின் கிளைகளே ஏற்றுக்கொண்டன.

பீட்டிலுக்கு அதே கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள். மெக்ஸிகோவில் 1990களில் புகை விதி இறுகியபோது பழைய காற்றுக்குளிர் இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு, கார்புரேட்டரை மட்டும் எடுத்துவிட்டு ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கொடுத்தது. பூவேப்லா ஆலையில் 2003 ஜூலை 30 அன்று கடைசிக் கார் வெளிவரும் வரை அதுதான் ஏற்பாடு. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்களுக்குப் பிறகும் அதன் உடம்புக்குள் ரேடியேட்டரைக் கொண்டுவரும் துணிவு அங்கே யாருக்கும் வரவில்லை. காரணம் பாசம் அல்ல, இடமும் எடையும்தான் என்றே நான் கருதுகிறேன்.

இத்தாலியின் ஃபியட் 500 இன்னும் தெளிவான பாடம். 1957-இல் 479 சிசி, இரண்டு சிலிண்டர், 13 குதிரைத்திறனோடு வந்த அரை டன் கார். அதன் கடைசி வடிவமான 500ஆர் காருக்கு, அடுத்து வந்த ஃபியட் 126-இன் 594 சிசி இன்ஜினைச் சற்று அடக்கி வைத்துக் கம்பெனியே விற்றது. ஆனால் கியர் பாக்ஸ் பழையதுதான். சிங்க்ரோமெஷ் கிடையாது, கீழ் கியருக்கு இறங்கும்போது கிளட்சை இருமுறை மிதித்து, நடுவே ஆக்ஸிலரேட்டரைத் தட்டிக் கொடுத்தால்தான் பல் கடகடக்காமல் விழும். இன்று 500 வைத்திருப்பவர்கள் பலர் 126-இன் இன்ஜினோடு அதன் சிங்க்ரோ கியர் பாக்ஸையும் சேர்த்து மாட்டுகிறார்கள். சிறிய வேலை, ஒரே குடும்பத்து உறுப்பு, எடையில் பெரிய மாற்றமில்லை, வேண்டாமென்றால் திருப்பிவிடலாம். இருமுறை கிளட்ச் மிதிக்கும் அந்தப் பழைய வித்தை கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் இந்த மாற்றத்துக்கு எதிராகத் தீர்ப்பெழுத என்னிடம் காரணம் இல்லை.

பணம் பொருட்டே அல்ல என்கிற இடத்திலும் இதே தர்க்கம் செல்கிறது. கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனம் 1989 முதல் 1994 வரை வந்த போர்ஷே 911-ஐ, அதாவது 964 வகையை, எலும்பு வரை பிரித்துப் புதுப்பிக்கிறது. அமெரிக்க வி-8 இன்ஜினை 911-இன் பின்னால் திணிப்பவர்கள் இருக்கும் அதே நாட்டில், சிங்கருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காற்றால் குளிரும் அதே ஆறு சிலிண்டர் பாக்ஸரைப் பெரிதாக்கிய வேலை.

வி-8 என்றதும் கார்வேரை மறுபடி எடுக்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் கிரவுன் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் கார்வேருக்கு வி-8 இன்ஜின் பொருத்தும் கிட் விற்றது. இரும்பு வி-8-ஐப் பின்னால் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அதைப் பின் இருக்கை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து, ரேடியேட்டரை முன்னே வைத்தார்கள். எடை நடுவுக்கு வந்தது. நான்கு பேர் கார் இரண்டு பேர் காராயிற்று. பொறியியலாகப் பார்த்தால் நேர்மையான வேலை. பின்பக்க இன்ஜினின் பிரச்சினையைத் தீர்க்க அவர்கள் கண்ட வழி, அதைப் பின்பக்க இன்ஜினாக இல்லாமல் ஆக்குவது. அதைப் பாராட்டலாம், கார்வேரின் புத்துயிர் என்று மட்டும் அழைக்கக் கூடாது. செவர்லே தானே 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனை அடியோடு மாற்றிக் குறையைத் தீர்த்திருந்தது. அதே ஆண்டு வெளிவந்த, நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரின் நூல் முந்தைய வண்டிகளைச் சாடியதில் அந்தத் திருத்தம் பலர் கண்ணில் படவில்லை. வண்டியின் நடையைத் திருத்த வேண்டுமென்றால் திருத்த வேண்டியது சஸ்பென்ஷன் என்பதைக் கம்பெனி அப்போதே காட்டியிருந்தது.

மின்சார மோட்டாருக்கு வருவோம். 2019-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஃபோக்ஸ்வேகனும் ஈ-கிளாசிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து மின்சார பீட்டிலைக் காட்டின. இ-அப் காரின் 60 கிலோவாட் மோட்டார், ஒற்றை கியர், 36.8 கிலோவாட்-மணி பேட்டரி, 200 கிலோமீட்டர் தூரம். சத்தமில்லை, புகையில்லை, மூன்றாவது சிலிண்டரின் கவலையில்லை. எடை 1,280 கிலோ. அசல் கார் ஏறக்குறைய 800 கிலோதான். பாதி காரின் எடைக்கும் மேல் புதிதாக ஏறியிருக்கிறது. அடித்தளத்தையும் பிரேக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. பேட்டரி தாழ்வாக அமர்வதால் பாரம் சுபாருவைப் போல வாலில் தொங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நகருக்குள் குறுகிய தூரம் ஓட்டுபவருக்கு இது நல்ல கார். ஆனால் கூரையும் கதவும் மட்டுமே பீட்டிலாக இருக்கும் கார். இன்ஜினும் கியர் பாக்ஸும் ஏற்கெனவே தொலைந்துபோன வெற்றுக்கூட்டுக்கு இதைச் செய்தால் நான் மகிழ்வேன். ஓடும் இன்ஜினைக் கழற்றிப் போட்டுச் செய்தால் மகிழ மாட்டேன்.

சட்டங்கள் இந்தக் கேள்விக்குத் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதையும் பார்க்கலாம். பிரிட்டனில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த புள்ளிமுறையில், மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. சேஸிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு வெறும் 1. கியர் பாக்ஸை இன்ஜினைவிட மேலாக மதித்த அந்த அட்டவணை எனக்குப் பிடித்தமானது. இந்தியாவிலோ 2021-இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டி விண்டேஜ் பதிவு பெற வேண்டுமென்றால் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, மின்சாரமாக மாற்றிய வண்டியை வரலாற்று வண்டியாக ஏற்பதில்லை என்று 2019-இல் அறிவித்தது. ஆனாலும் மாற்றத்தான் வேண்டுமென்றால் திரும்ப மாற்றக்கூடியபடி செய்யுங்கள், கழற்றிய பாகங்களைக் குறியிட்டுத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள் என்றும் அது சொன்னது. எனக்கு இவற்றில் மிக நியாயமாகப் படுவது அந்தக் கடைசி அறிவுரை.

இன்னொரு வாதம் பாக்கியிருக்கிறது. நவீன இன்ஜினுக்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும் என்பார்கள். எத்தனை காலத்துக்கு? ஈஜே22 வந்து 35 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதன் கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார்களும் வயரிங்கும் பழைய வண்டிகளிலிருந்து உருவப்பட்டவை. பிளாஸ்டிக் இணைப்பிகள் கையில் எடுத்தாலே நொறுங்குகின்றன. பீட்டில் இன்ஜினுக்கோ கிராங்க் கேஸ் முதல் வால்வு வரை உலகச் சந்தையில் இன்றும் புதிதாக வாங்கலாம். நவீனம் என்று சொல்லி மாட்டியது முதலில் கிழடாகி, பழையது என்று தள்ளியது அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை வரப்போகிறது.

ஆகவே என் தீர்ப்பை வண்டிவாரியாகவே சொல்கிறேன். டி3 வேனுக்கு சுபாரு: ஆம், தயக்கமின்றி. ஃபியட் 500-க்கு 126-இன் இன்ஜினும் பெட்டியும்: ஆம். ஸ்விங் ஆக்ஸில் பீட்டிலுக்கு சுபாரு: கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின் சஸ்பென்ஷன் திருந்திய பிற்கால பீட்டிலுக்கு: கியர் பாக்ஸையும் பிரேக்கையும் முதலில் மாற்றி, மூக்கை வெட்டாமல் ரேடியேட்டருக்கு வழி கண்டவர் செய்யட்டும். அப்படிக் கண்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு 1,600 சிசி இன்ஜின், இன்ஜெக்‌ஷன், 3.875 கிரவுன் பினியன், முன்சக்கர டிஸ்க். இந்த நான்கையும் சேர்த்தாலும் 130 குதிரை வராது. மணிக்கு 110 கிலோமீட்டரில் நாளெல்லாம் ஓடும், வளைவில் பயமுறுத்தாது, உடம்பில் ஒரு வெட்டும் இருக்காது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பழைய இன்ஜினை இறக்கியே தீருவேன் என்பவர், இறக்கியதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுழற்றி, எல்லா வாயையும் அடைத்து, இன்ஜின் எண்ணையும் தேதியையும் எழுதிக் கட்டி வையுங்கள். நான்கு போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு அதன்மேலேயே கட்டிவிடுங்கள். அந்தக் கார் உங்களுக்குப் பிறகு யாரிடம் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.